"அவனிடம் சொல்லுங்கள்" என்றார்கள்: சைகை மொழிபெயர்ப்புப் பயிற்சியில் நாங்கள் கண்டவை

சாட்ஸ்வொர்த், டர்பன்

தென்னாப்பிரிக்கச் சைகை மொழியில் மொழிபெயர்ப்பாளராகப் பயிற்சி பெறும் தமிழர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பணியிடத்தில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் விதி என்பதால் எழுதச் சிறிது தயங்கினேன். ஆகவே என் வீட்டைப் பற்றியும் என் வகுப்பைப் பற்றியும் மட்டுமே எழுதுகிறேன். வீட்டைப் பற்றி எழுத என் சித்தப்பாவிடம் அனுமதி கேட்டபோது, "எழுது, ஆனால் என்னைப் பாவம் என்று எழுதாதே" என்று அவர் கைகளால் சொன்னார்.

சித்தப்பா பிறவியிலேயே காது கேளாதவர். மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். குடியிருப்புகளை நிறவாரியாகப் பிரித்த சட்டத்தால் இந்தியர்களுக்கென்று சாட்ஸ்வொர்த் உருவாக்கப்பட்டபோது, எங்கள் குடும்பத்தோடு இங்கே வந்தவர். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். ஆயா வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசியதில்லை. காது கேளாத மகனிடம் பேசுவதற்கு அவரே சில சைகைகளைப் படைத்துக்கொண்டார். நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் கோயில், தோளில் கை வைத்து அசைத்தால் காவடி, மூக்கின் ஓரத்தைத் தொட்டால் ஆயா. அவருடைய மூக்குத்தியின் நினைவாகச் சித்தப்பா தம் தாய்க்கு இட்ட பெயர் அது. வீட்டார் அனைவரும் பழகியிருந்த சைகைகள் எல்லாம் சேர்த்து ஐம்பது, அறுபது இருக்கலாம். அவற்றைக் கொண்டு அவரைச் சாப்பிட அழைக்கலாம், கடைக்கு அனுப்பலாம், கோபப்படாதே என்று சொல்லலாம். ஒரு காரியம் ஏன் நடந்தது என்றோ, நாளை என்ன நடக்கப்போகிறது என்றோ சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தார் அவரை "ஊமையன்" என்றார்கள். அதை நாங்கள் யாரும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே உடல் கூசுகிறது.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது ஆயா மருத்துவமனையில் பத்து நாள் இருந்தார். மருத்துவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா எங்களிடம் சொன்னார். சித்தப்பாவிடம் மட்டும், கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்து, உறங்குகிறார், உடம்பு சரியில்லை என்று காட்டினார்கள். அதை அவர், ஆயா ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வருவார் என்று புரிந்துகொண்டார். பத்தாம் நாள் அவர் ஆயாவின் அறையைக் கழுவி, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாசல் வழியாகத்தான் ஆயாவின் உடலைக் கொண்டுவந்தார்கள். அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை.

சைகை தெரியாததால்தான் அப்படி நடந்தது, நான் சைகை மொழியைக் கற்றுக்கொண்டால் அது இனி நடக்காது என்று நம்பித்தான் பயிற்சியில் சேர்ந்தேன். அந்த நம்பிக்கையில் பாதி தவறு என்பதை அறிய எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஆசிரியர் காது கேளாதவர். முதல் நாளே வகுப்பில் குரலுக்கு இடமில்லை என்று பலகையில் எழுதிவிட்டு அதை உடனே அழித்துவிட்டார். அதன் பிறகு எழுத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. கையைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்த முதல் பாடம். பெரியவர்கள் பேசும்போது பார்வையைத் தாழ்த்தி நிற்பதே மரியாதை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஜூலுப் பெண்ணும் அப்படியே வளர்ந்தவர். அவர்கள் குடும்பங்களிலும் மூத்தோரை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதைக் குறைவு. ஆசிரியர் பேசத் தொடங்கியதும் நாங்கள் இருவரும் அறியாமலேயே தலை குனிந்தோம். அவர் காலால் தரையைத் தட்டி எங்களை நிமிரச் செய்தார். காது கேளாத ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பார்வையை விலக்குவது, காது கேட்கும் மனிதர் பேசும்போது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம் என்று எங்களுக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது. விரல் நீட்டி ஒருவரைச் சுட்டுவதும் அப்படியே. நம் வீடுகளில் அது பண்பற்ற செயல். இம்மொழியில் நீ, நான், அவர் என்னும் சொற்களே அந்தச் சுட்டுதான். இடது கையால் எதையும் நீட்டக்கூடாது என்று பழகிய எனக்கு, வகுப்பில் ஓர் இடக்கைப் பழக்கமுள்ள மாணவர் சைகைகளையெல்லாம் இடக்கையால் செய்வதைக் கண்டு முதலில் மனம் ஒப்பவில்லை. அதில் எந்தக் குறையும் இல்லை; மேலோங்கிய கை எதுவோ அதுவே முதற்கை.

நான் சிறுவயதில் பரதம் கற்றவள். முத்திரை பிடித்த கைக்குச் சைகை எளிதாக வரும் என்று உறவினர்கள் சொன்னார்கள், நானும் அவ்வாறே எண்ணினேன். கைவடிவம் ஓரளவு விரைவாக வந்தது என்பது உண்மையே. ஆனால் சைகைச் சொல் ஒன்று கைவடிவம் மட்டுமன்று. அது உடலின் எந்த இடத்தில் செய்யப்படுகிறது, எப்படி அசைகிறது, உள்ளங்கை எந்தத் திசையை நோக்குகிறது என்பனவும் சேர்ந்ததே சொல். இவற்றில் ஒன்று மாறினாலும் வேறு சொல்லாகிவிடும், அல்லது சொல்லே அல்லாமல் போய்விடும். சைகைச் சொற்களை இப்படி உறுப்புகளாகப் பகுக்கலாம் என்று அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து 1960இல் எழுதியவர் வில்லியம் ஸ்டோக்கோ. சைகை என்பது ஊமைக்கூத்து அன்று, இலக்கணமுள்ள மொழி என்பதை மொழியியலார் ஏற்கத் தொடங்கியது அதற்குப் பிறகே. முகத்துக்கும் இலக்கணம் உண்டு. புருவத்தை உயர்த்தினால் ஆம், இல்லை என்று விடை கேட்கும் கேள்வி. யார், எங்கே, ஏன் என்று கேட்கும்போது புருவம் நெரிய வேண்டும். என் முகம் நடனத்தில் உணர்ச்சி காட்டப் பழகியிருந்ததே தவிர இலக்கணம் காட்டப் பழகவில்லை. நான் கேட்ட கேள்விகளையெல்லாம் ஆசிரியர் பல மாதம் கூற்றுகளாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் தம் பள்ளிக் காலத்தைப் பற்றி ஒருமுறை சொன்னார். உதடசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதே கல்வி என்று கருதிய பள்ளி அது. பேச்சுப் பாடத்தின்போது பிள்ளைகள் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமர வேண்டும். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு சைகையை விலக்கி வாய்மொழிப் பயிற்சியை உயர்த்தித் தீர்மானம் செய்தது. அதன் நிழல் நூறாண்டு கடந்தும் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு சிறுவனின் கைகள்மீது விழுந்தது. நிறவெறி ஆட்சியில் காது கேளாத பிள்ளைகளும் நிறத்துக்கொரு பள்ளியாகப் பிரிக்கப்பட்டனர். ஆகவே ஒரே ஊரில் வாழ்ந்த முதியவர்களிடையே கூடச் சில சொற்களுக்குச் சைகை வேறுபடுகிறது. ஒருவரைச் சந்தித்தவுடன் பணியைத் தொடங்கிவிடாமல், சில நிமிடம் பொதுவாகப் பேசி அவருடைய சைகை வழக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குக் கற்பிப்பது இதனால்தான்.

மொழியைக் கற்பது ஒரு பயிற்சி. மொழிபெயர்க்கக் கற்பது வேறொரு பயிற்சி. இரண்டாவதில், பேசுபவருக்கு ஒரு வாக்கிய தூரம் பின்தங்கி நின்று பொருளைப் பிடித்துக்கொண்டு கையால் சொல்லப் பழக வேண்டும். சொல்லுக்குச் சொல் துரத்தினால் ஆங்கிலத்தின் வரிசை கையில் வந்துவிடும், பொருள் வராது. நெடுநேரக் கூட்டங்களில் ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருவர் மாறிக்கொள்கிறோம். அதற்குமேல் மூளை தவறவிடுவது நமக்கே தெரிவதில்லை. வளையல், நகப்பூச்சு, கட்டம் போட்ட சேலை எதுவும் கூடாது. என் நிறத்துக்குக் கையைத் தெளிவாகக் காட்ட வெளிர் நிற மேலாடையையே அணிகிறேன்.

இனி நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். மருத்துவமனைக் காட்சி ஒன்றை வகுப்பில் நடித்துப் பழகினோம். ஆசிரியரே நோயாளி, சக மாணவர் ஒருவர் மருத்துவர், நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர், "நோய் முற்றிவிட்டது, சிகிச்சை செய்தாலும் சில மாதங்களே இருக்கலாம்" என்றார். என் கைகள், நோய் கடுமையானது, சிகிச்சை இருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லின. நான் பொய் சொல்ல எண்ணவில்லை. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தவுடன் கை தானாகவே தணிந்துவிட்டது. ஆசிரியர் உதட்டசைவை நன்றாகப் படிப்பவர். மருத்துவர் சொன்னது என்ன என்பது அவருக்குத் தெரியும். அவர் காட்சியை நிறுத்தி, என் அருகே வந்து, "என் சாவை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள உனக்கு யார் உரிமை தந்தார்கள்?" என்று கேட்டார்.

எனக்கு வகுப்பறை மறைந்து எங்கள் வாசலில் போட்டிருந்த நாற்காலி கண்முன் வந்தது. அப்பாவுக்குச் சைகை தெரியாததல்ல குறை. உறக்கத்துக்கு ஒரு சைகை இருந்தது போல இறப்புக்கும் எங்கள் வீட்டில் ஒரு சைகை இருந்தது. தாத்தா இறந்தபோது அதைத்தான் காட்டினார்கள். இருந்தும் ஆயாவுக்கு அதைக் காட்டவில்லை. "அவன் தாங்கமாட்டான்" என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். பல ஆண்டு பயிற்சிக்குப் பிறகு, திருந்திய கைகளோடு, நானும் அதே முடிவைத்தான் செய்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு என் வணக்கம். நான் கோயிலில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவன்; ஐம்பது வயதுக்கு மேல் சைகை மொழியைக் கற்கத் தொடங்கினேன். 2011 ஜூலையில் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் மாநாடு ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக, டர்பனில் நடந்தது. ஒரு நண்பரோடு சென்றிருந்தேன். ஒருவர் மேடையில் பேசி முடித்ததும் அரங்கம் முழுவதும் கைகள் உயர்ந்து அசைந்தன. அதுவே அவர்களுடைய கைத்தட்டல். அவ்வளவு பெரிய ஆரவாரத்தை நான் அதற்கு முன்பு கண்ணால் கண்டதில்லை.

ஆனாலும் நான் முறையான பயிற்சியில் சேர்ந்தது 2013 டிசம்பர் 10க்குப் பிறகே. மண்டேலா அவர்களின் நினைவுக் கூட்டம் ஜொகானஸ்பர்க் விளையாட்டரங்கில் நடந்து, உலகம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் வசிக்கும் காது கேளாத தம்பதியர் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்க்க வந்திருந்தனர். சில நிமிடங்களுக்குள் அந்தப் பெண் எழுந்து நின்று, மேடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரைச் சுட்டி, கையை விரித்து, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொன்னார். மேடையில் அசைந்த கைகளில் மொழியே இல்லை என்பது நாட்டிலுள்ள காது கேளாதோர் அனைவருக்கும் உடனே தெரிந்தது; காது கேட்பவர்களாகிய எங்களுக்கோ அது மொழிபெயர்ப்பாகவே தோன்றியது. தேசத்தின் தந்தைக்கு விடைகொடுத்த நாளில் அவர்களுக்கு மட்டும் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. நானோ அதுவரை, அரைகுறைச் சைகையை வைத்துக்கொண்டு கோயிலில் "உதவி" செய்துவந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உங்களுக்கு வகுப்பில் நடித்த மருத்துவமனைக் காட்சியில் நேர்ந்தது போல எனக்குத் தமிழிலேயே ஒரு சிக்கல் நேர்ந்தது. எங்கள் கோயிலுக்கு வரும் காது கேளாத இளைஞர் ஒருவருக்கும், ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத அவருடைய பெரியப்பாவுக்கும் இடையே நான் நேராகத் தமிழிலிருந்து சைகைக்கும் சைகையிலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்த்தேன். இதை எழுத இருவரும் இசைந்துள்ளனர். இளைஞர் பெரியவரைச் சுட்டி, "ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்று கேட்டார். சைகையில் அந்தச் சுட்டு நீயும் ஆகும், நீங்களும் ஆகும். நான் எதைச் சொல்வது? "நீ ஏன் கேட்கவில்லை" என்று என் வாயிலிருந்து வந்திருந்தால் பெரியவர் எழுந்து போயிருப்பார். அந்த இளைஞர் செய்யாத அவமதிப்பை நான் அவர் பெயரில் செய்தவனாவேன். அதற்காக, கேட்டவருடைய கோபத்தை நீக்கிப் பணிவாக்கிச் சொன்னால் அவர் சொன்னதை அழித்தவனாவேன். "நீங்கள் ஏன் என்னிடம் கேட்கவில்லை, பெரியப்பா?" என்று மரியாதையைச் சொல்லிலும் கோபத்தைக் குரலிலும் வைத்தேன். அவ்வாறு வைத்தது சரிதானா என்று பிறகு அவரிடமே கேட்டேன். தாம் உடலைச் சற்று முன்குனிந்து சுட்டியதை நான் கவனித்தேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். மரியாதை அங்கே இருந்திருக்கிறது. தோளில் இருந்ததை நான் விரலில் தேடிக்கொண்டிருந்தேன்.

தமிழில் ஒரு வசதியும் உண்டு. நாம் மொழிபெயர்க்கும்போது அவர் சொல்கிறார் என்று சொல்லாமல், நான் என்றே அவர் இடத்திலிருந்து பேச வேண்டும். வந்தேன், கேட்டேன் என்னும் தன்மை வினைகளுக்கு ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லாததால், பெண்ணுக்காக நான் பேசினாலும் இலக்கணம் இடறுவதில்லை. உறவுமுறைச் சொற்கள்தாம் கடினம். ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள் ஆகிவிடுகிறார்கள். தமிழில் சொல்லும்போது அவர் மாமாவா, சித்தப்பாவா என்று தெரிந்தே ஆக வேண்டும். ஊகித்துச் சொல்லாமல், பேச்சை நிறுத்தி, "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்கிறார்" என்று இரு தரப்புக்கும் அறிவித்துக் கேட்கிறேன். முதலில் அது எனக்கு இழுக்காகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை.

கோயிலில் பதிகம் பாடும்போது மொழிபெயர்ப்பது தனிக் கலை. பாடலை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி, காது கேளாத அடியார் ஒருவரோடு அமர்ந்து பொருள் பேசிய பிறகே மேற்கொள்கிறேன். பிறையைச் சூடியவன் என்று பாடுபவர் பாடிவிட்டுப் போய்விடலாம். சைகையில் சொல்லும்போது அந்தப் பிறை தலையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கை ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். நாற்பது ஆண்டுகள் வணங்கிய மூர்த்தியை அதற்காகத்தான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். நிற்குமிடமும் முக்கியம். அடியாரின் கண்களுக்குச் சன்னதியும் என் கைகளும் ஒரே நோக்கில் தெரியும்படி ஓரமாக நிற்க வேண்டும். கற்பூரம் காட்டும் நேரத்தில் கையைத் தாழ்த்திவிட வேண்டும், ஏனெனில் தீபத்தைப் பார்ப்பதற்கும் என்னைப் பார்ப்பதற்கும் அவருக்கு இருப்பவை அதே கண்கள். உடுக்கையை நான் மொழிபெயர்ப்பதில்லை. அதன் அதிர்வை அவர்களே நெஞ்சில் வாங்கிக்கொள்கிறார்கள்.

லெனேசியா, ஜொகானஸ்பர்க்

என் தாயும் தந்தையும் காது கேளாதவர்கள். சைகையே என் தாய்மொழி. எட்டு வயதில் வங்கிக்கு அப்பாவோடு சென்று கடன் கேட்டவள் நான். "இவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?" என்று அங்கிருந்தவர் தம் சக ஊழியரிடம் சொன்னதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. என் மௌனத்துக்காக அப்பா பல ஆண்டுகள் கழித்து என்மீது கோபப்பட்டார்; தெரிந்திருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன் என்றார். பிறவியிலேயே மொழி தெரிந்தவளுக்குப் பயிற்சி எதற்கு என்று என்னைக் கேட்பவர்களுக்கு இதையே சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது சமையலறையும் கடைவீதியும் அளவான மொழி. நீதிமன்றத்துச் சொற்களும், வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடமும், வாயைத் திறக்க வேண்டிய இடமும் படித்துத்தான் வந்தன. தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் கழகம் நடத்தும் தகுதித் தேர்வுக்கு இப்போது ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் தமக்குப் புரியும் மொழியில் விசாரிக்கப்பட வேண்டும், இயலாவிட்டால் மொழிபெயர்த்துத் தரப்பட வேண்டும் என்று நம் அரசமைப்பின் 35ஆம் பிரிவு சொல்கிறது. 2023 ஜூலை 19 அன்று சைகை மொழி நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியானபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஆயினும் சட்டம் வந்த மறுநாளே மொழிபெயர்ப்பாளர்கள் முளைத்துவிடுவதில்லை. இன்னும் குடும்பத்துப் பிள்ளைகளைத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

சாட்ஸ்வொர்த் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் சித்தப்பாவைப் போல வீட்டுச் சைகையிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு, காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மட்டும் போதாது. காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் உடன் அமர்த்த வேண்டும். பேச்சைக் கேட்டு நாம் சைகை மொழியில் சொல்வோம். அதை அவர் வாங்கி, படம்போல் விரித்து, எதிரே இருப்பவரின் சொந்தச் சைகைகளையும் எடுத்தாண்டு, அவருக்கு எட்டும் வரை சொல்வார். நேரம் இரு மடங்காகும். ஆனால் எட்டும். இன்னொன்று, உன் சொந்த வீட்டு விவகாரத்தில் நீ மொழிபெயர்க்காதே. நீ அங்கே மகள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐயா அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அந்தச் சுட்டைப் பற்றி அவர்கள் எழுதியதை எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் சைகையில் சொல்லிக் காட்டினேன்.

ஆயாவின் வீட்டை என்ன செய்வது என்று பேச, அப்பாவும் அத்தைகளும் கூடுவதாக இருந்தது. வழக்கம்போல முடிவை எடுத்துவிட்டுச் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார்கள். நான் மொழிபெயர்க்க மாட்டேன், ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல் பேச்சைத் தொடங்கவும் விடமாட்டேன் என்று சொன்னேன். "வீட்டு விஷயத்துக்கு வெளியாட்களா?" என்று பெரிய அத்தை மனம் வருந்தினார். அவரைச் சமாதானப்படுத்தப் பத்து நாட்கள் ஆயின. ரகசியம் காப்பது அவர்களுடைய தொழில் விதி என்று சொன்னதைவிட, அவர்களில் ஒருவரும் சித்தப்பாவைப் போலக் காது கேளாதவர் என்று சொன்னதே அவர் மனதை மாற்றியது.

என்னோடு பயின்ற ஜூலுத் தோழியும், காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வந்தார்கள். அவர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து சித்தப்பாவோடு முற்றத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, நெற்றியில் இழுக்கும் மூன்று விரலையும், மூக்கின் ஓரத்தைத் தொடுவதையும் கற்றுக்கொண்டார். வீட்டார் ஆங்கிலத்தில் பேசுவது என்று முடிவாயிற்று. தோழி அப்பாவின் பக்கத்தில் அமர்ந்தார். சித்தப்பாவுக்கு அண்ணனின் முகமும் மொழிபெயர்ப்பாளர்களின் கைகளும் ஒருசேரத் தெரிந்தன. நான் சுவரோரம் அத்தைகளோடு உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவை அசையாமல் இருப்பதற்குப் பட்ட பாடு எந்தத் தேர்விலும் நான் பட்டதில்லை.

அப்பா தோழியைப் பார்த்து, "வீட்டை விற்கப்போகிறோம் என்று அவனிடம் சொல்லுங்கள்" என்றார். தோழி "அவனிடம் சொல்லுங்கள்" என்பதையும் விடாமல் கையால் சொன்னார்; காது கேளாத மொழிபெயர்ப்பாளர் அதைச் சித்தப்பாவிடம் சேர்த்தார். சித்தப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். அப்பாவை நேராகப் பார்த்து அவர் சொன்னது தோழியின் குரலில் வந்தது: "நான் உங்கள் எதிரில்தான் இருக்கிறேன், அண்ணா." மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் வந்தபோதும் அந்தக் கடைசிச் சொல் மட்டும் தமிழில் வந்தது. எங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வோம் என்று தோழி வாசலிலேயே என்னிடம் கேட்டு வைத்திருந்தார்.

அப்பா எதுவும் பேசவில்லை. சித்தப்பா வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மூக்கின் ஓரத்தைத் தொட்டார். பிறகு கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தார், அன்று அப்பா காட்டியது போலவே. அதன் பின் புருவங்களை உயர்த்தித் தம் நெஞ்சைச் சுட்டினார். "ஆயா உறங்குகிறார் என்று சொன்னீர்களே, அந்த நாட்களில் அவர் என்னைக் கேட்டாரா?" என்று தோழியின் குரல் கேட்டது.

அப்பா தோழியைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வரவில்லை, தமிழில்தான் சொன்னார். "தினமும் கேட்டாங்கடா. சின்னவன் சாப்பிட்டானான்னு தினமும் கேட்டாங்க." தோழிக்குத் தமிழ் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லும்படி அமைதியாகக் கேட்டார். அப்பா மீண்டும் சொன்னார். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, கடைசியில் மூக்கைத் தொட்டு, வாயருகே விரல்களைக் குவித்து, சித்தப்பாவைச் சுட்டி நின்றது. ஒரு நாள், இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று அதை அந்த மொழிபெயர்ப்பாளர் பத்து முறை செய்தார். சித்தப்பா பத்தையும் பார்த்தார்.

வீட்டைப் பற்றிய பேச்சு அன்று நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே இருவரையும் மீண்டும் அழைத்தோம்.